இல்லாத ஒருவரின் பயம்

கிரிம்ஸ்பி நீதிமன்றத்துத் திரையில்
சண்டை ஓடுகிறது, சத்தமில்லாமல்.
பேருந்து நிலையத்துக் கேமராவுக்குக் கண் மட்டும்தான்.
கிளென் ட்ரூரியின் வாய் திறக்கிறது, மூடுகிறது,
துறைமுகத்துப் பெட்டியில் கொட்டிய மீனைப் போல.
ஷான் பிளாங்கிட் கையில் அலுமினிய ஏணி.
ஏணிதான் வழக்கின் வேர்:
இரவல் வாங்கியது யார், வளைத்தது யார்.
அக்காள் புருஷனும் மச்சினனும்.
இரவு பதினொன்று பத்து.
சாட்சி, ஒரு கடற்காகம்.

குற்றத்தின் பெயரை எழுத்தர் வாசித்தார்: 'அஃப்ரே'.
அடிதடி என்று தமிழில் எழுதிவிடலாம்.
ஆனால் அடிதடியில் அடி இருக்கிறது, தடி இருக்கிறது,
பார்த்து நடுங்குகிறவர் இல்லை.

இது பிரெஞ்சுக் கப்பலில் வந்து இறங்கிய சொல்.
தோலை உரித்தால் உள்ளே 'ஃப்ரித்து',
பழைய ஜெர்மானிய வாய்களில் அதற்கு அமைதி என்று பொருள்.
முன்னால் இருந்த லத்தீன் ஒட்டு: வெளியே.
அமைதிக்குள் இருந்தவரைக்
கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவது.
பயந்துபோனவரைச் சொல்லும் 'அஃப்ரெய்ட்'
இதே வினையின் பெயரெச்சம்.
சண்டை வினை. பயம் எச்சம்.
நீதிமன்றப் படிகளில் கடற்காகம் இட்டுவைத்ததும்
எச்சம்தான், நம் அகராதிப்படி.

நீதிபதி விளக்கினார்:
நியாயமான மனத்திடம் உள்ள ஒருவர் அங்கே இருந்திருந்தால்
தன் உடம்புக்கு ஆபத்தென்று அஞ்சியிருப்பாரா?
அதுதான் கேள்வி.
அப்படி ஒருவர் அங்கே இருந்திருக்க வேண்டியதில்லை.
வரக்கூடியவராகவும் இருக்க வேண்டியதில்லை.

ஏழாம் நாற்காலியில் ஹேசல் மம்பி,
உறைமீன் ஆலையில் இரவு ஷிப்ட்,
இதை மூன்று முறை எழுதிப் பார்த்தாள்.
இல்லாத ஆளுக்கு ஒரு மழைக்கோட்டு மாட்டினாள்.
கையில் வினிகர் ஊறிய சிப்ஸ் பொட்டலம் கொடுத்தாள்.
ஒன்பதாம் எண் கடைசிப் பேருந்துக்கு நிற்கவைத்தாள்.
வயது ஐம்பத்திரண்டு. முட்டிவலி.
பயப்படுவாரா?
சிப்ஸ் சூடாக இருந்தால்
கொஞ்சம் தாமதமாகப் பயப்படுவார்.

ஜூரி அறையில் நடந்ததை
வெளியே சொல்லக்கூடாது, சட்டம்.
அவள் சொல்லவில்லை. இது என் ஊகம்:
'ஏணியைத் தூக்கினான், எறியவில்லையே' என்றார் ஒருவர்.
'எறியும்வரை நிற்பாயா நீ?' என்றார் இன்னொருவர்.
பிஸ்கட் தட்டு எகிறியது.
நாற்காலி ஒன்று மல்லாந்தது.
ஹேசல் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்,
தேநீர்க் கோப்பையை நெஞ்சுக்குக் கேடயமாக்கி.
அப்போதுதான் தெரிந்தது,
அந்த மழைக்கோட்டு தன் அளவு என்று.
காவலாள் கதவைத் தட்டினார்:
எல்லாம் சரிதானே?
'சரிதான்' என்றார்கள் பன்னிரண்டு பேரும்,
பதினொரு குரலில்.

தீர்ப்பு: குற்றவாளிகள். இருவரும்.
தண்டனை மூன்று வாரம் கழித்து, அதுவரை ஜாமீன்.
அமருங்கள், என்றார் நீதிபதி.
அமர்: உட்கார்வது. அமர்: போர்.
நம் மொழியும் அப்படியொன்றும் யோக்கியமில்லை.

ஹம்பர் முகத்துவாரத்துக் காற்று
தெருவையே சாய்க்கிறது.
வாசலில் கிளெனிடம் சிகரெட். ஷானிடம் லைட்டர்.
மூன்று முறை அணைந்தது.
நான்காம் முறை கிளென் தன் உள்ளங்கைகளைக் கொண்டுபோய்
ஷானின் கைகளைச் சுற்றிக் குவித்தான்.
விரலோடு விரல்,
யாருடையது எதுவெனத் தெரியாமல்.
கைகலப்பு என்ற சொல்லை
இத்தனை நாள் தவறாகப் படித்திருக்கிறோமோ.

ஹேசல் எதிர்ப்புறம் கடந்தாள்.
ஒன்பதாம் எண் வந்தது.
பக்கத்து இருக்கையில் பையை வைக்கப் போனவள்
வைக்காமல்
மடியிலேயே வைத்துக்கொண்டாள்.